ஆறுமணிக்குருவிக்கு வரவேற்பு

மாடம்பாக்கத்தில் எங்கள் காலனிப் பூங்கா நான்கு கிரவுண்டுதான். ஒரு சறுக்குமரம், இரண்டு பூவரசு, ஒரு மூலை முழுக்கக் காய்ந்த சருகு. 2004 அக்டோபரில் அந்தச் சருகில் ஓர் ஆறுமணிக்குருவி வந்து இறங்கியது. உடம்பில் ஒன்பது நிறம். காலை ஆறு மணி வாக்கில் விசிலடிக்கும். வங்கியில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வேறென்ன வேண்டும்? தினமும் விடிந்ததும் பைனாகுலரும் கையுமாகப் போய் நின்றுவிடுவேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அபிதகுஜாம்பாள் மாமி வீடு. நான் அவள் சமையலறையைப் பார்க்கிறேன் என்று காலனிச் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே பார்க்க என்ன இருக்கிறது, கிரைண்டரா?

சங்கச் செயலாளர் துரைராஜ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பத்ரி சார், சண்டே காலைல ஆறு மணிக்குக் கமிட்டி வரும். குருவியைக் காட்டிடுங்க. இல்லேன்னா பைனாகுலரை ஆபீஸ்ல சரண்டர் பண்ணிடணும்."

ஞாயிறன்று போய்ப் பார்த்தால் பகீரென்றது. ஒரு சருகு விடாமல் கூட்டித் தள்ளியிருந்தார்கள். பாதையின் இரு பக்கமும் பிளீச்சிங் பவுடரில் கோடு. நாற்காலிகள், மைக் செட், 'வருக வருக' பேனர். குருவிக்குப் போர்த்தக் கைக்குட்டை அளவில் ஒரு பொன்னாடைகூட இருந்தது.

"சருகு எங்க சார்? அதுல பூச்சி பொறுக்கத்தானே அது வரும்!"

"கெஸ்ட்டைக் குப்பையிலயா உக்கார வைப்பாங்க?" என்றார் துரைராஜ். "செடிக்கு உரம்னு மாமி கேட்டாங்க. அவங்க கொல்லையில கொட்டியாச்சு."

ஆறு மணிக்கு விசில் கேட்டது, மாமியின் கொல்லையிலிருந்து.

பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பினால் குருவி நிஜம், புகாரும் நிஜமாகிவிடும். கமிட்டியின் பதினேழு பேரும் என்னையே பார்த்தார்கள். பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றினேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுகை வந்தது.

அப்போது மதிலுக்கு மேல் மாமியின் தலை தெரிந்தது. உதட்டில் விரல்.

"உஷ்! மைக்கை நிறுத்துங்கோ. இங்கே பச்சையா ஒண்ணு சருகைக் கிளறிண்டிருக்கு. அந்தக் கண்ணாடியைக் கொண்டாங்கோ. எல்லாரும் சமையலறைக்கு வாங்கோ, அங்கேர்ந்துதான் நன்னா தெரியறது!"

பதினேழு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கிரைண்டருக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு அரை நிமிஷம் என்று மாமி கறாராகச் சொல்லிவிட்டாள். நான் கடைசி. என் முறை வருவதற்குள் குருவி பறந்துவிட்டது.

மாமி பைனாகுலரை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு அஞ்சரைக்கே வந்துடுங்கோ," என்றாள். "கதவைத் திறந்து வைக்கறேன்."