ஆனந்தராசா ஞாபகார்த்தக் கிண்ணம்

ஆனந்தராசாவின் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு குடும்பம் குடியேறிய ஊரான புவாண்ட்-கிளேரில் நடந்த அவரது ஞாபகார்த்தக் கரப்பந்தாட்டப் போட்டிக்குப் பழைய ரோமாபுரியிலிருந்து இரண்டு கிளாடியேட்டர்கள், சனம் பார்க்கச் சண்டை போடும் அடிமைகள், வந்தார்கள். ஒருவன் கையில் வாளும் கேடயமும் இருந்தன. மற்றவன் தோளில் வலை கிடந்ததால், அதைக் கட்ட வந்தவன் என்று நினைத்து அவனுக்குக் கம்பத்தைக் காட்டினார்கள். அவர்கள் வந்ததில் முறைகேடு ஒன்றும் இல்லை. ரோமில் முதன்முதலில் இந்தச் சண்டையை வைத்ததும் தகப்பனை இழந்த பிள்ளைகளே. இறந்தவருக்குச் செய்யும் கடன் என்றுதான் அதற்குப் பெயர். பதவிக்கு ஆசைப்பட்டவர்கள் ஊரைக் கூட்டிச் சண்டை காட்டியதும் பாண் ரொட்டி கொடுத்ததும் பிந்திய கதை. நம்முடைய போட்டியிலும் சங்கத் தேர்தலில் நிற்கவிருந்த இரவிச்சந்திரன் எல்லோருக்கும் மட்டன் ரோல்ஸ் கொடுத்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும், ஆனந்தராசாவின் மகள் சஜிதா இதையெல்லாம் தாய் புஷ்பராணிக்குச் சொல்லி முடிப்பதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. நடுவர் விசில் ஊதிப் பார்த்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். முன்வரிசையில் பிரமுகர்கள், பின்னால் சனம், கடைசியில் பெண்கள். ரோமிலும் அப்படித்தான் உட்கார்ந்தார்களாம். வெயில் சாய்வதற்குள் வலைக்காரன் விழுந்தான், கழுத்தில் வாள் வந்து நின்றது. அவன் ஒரு விரலை உயர்த்திப் புஷ்பராணியைப் பார்த்தான்.

"என்னட்டை என்ன கேக்கிறான்?"

"போட்டி வைச்ச ஆக்கள்தான் சொல்லவேணுமாம் அம்மா, கொல்லுறதோ விடுறதோ எண்டு. இரத்தம் சிந்தினாத்தான் செத்தவருக்கு ஆறுமாம்."

சனத்துக்குள்ளிருந்து "வெட்டு" என்று ஒரு குரல் வந்தது. பிறகு பல குரல்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

புஷ்பராணி மைக்கை வாங்கினார்.

"இரத்தத்தைப் பாக்கேலாமத்தான் எங்கட மனுசன் நாட்டை விட்டு ஓடி வந்தவர்," என்றார். "தம்பி, எழும்பு. வந்து சாப்பிடு."

வாள் பிடித்தவன் செய்யாமல் விட்ட வேலையைப் பற்றிச் சற்று யோசித்துவிட்டு, இரண்டு ரோல்ஸ் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தின் பக்கம் போனான். வலைக்காரன் போகவில்லை. ரோமில் அவன் பெயரைச் சுவர் சுவராக எழுதிய ஊர், அடிமை என்று அவனோடு ஒரு பந்தியில் இருந்ததில்லை. அதனால் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் வந்தும் அவன் நின்றுகொண்டே இருந்தான். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். புஷ்பராணிதான் தன் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார்.

இப்போது அவன் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறான். அவனுக்குப் பிரெஞ்சு சஜிதாவைவிட நன்றாக வரும். வருடா வருடம் திவசத்துக்கு வருகிறான். கையைக் கழுவிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்காருகிறான்.