ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு கரி

டென்மார்க்கில் துணி வாங்குகிற கம்பெனியிடமிருந்து வந்த கடிதத்தின் கடைசிப் பத்தி தங்கபாயை உட்கார விடவில்லை. மேலே இருந்ததெல்லாம் வழக்கமான சமாச்சாரம்: துணியின் அகலம், கப்பல் தேதி, பெட்டிக்கு எத்தனை சுருள். கடைசியில் மட்டும் புதிதாக ஒன்று. 'பூமி சூடேறுவதைக் குறைக்க எங்கள் நாட்டில் இந்த ஆண்டு முதல் கரிப்புகைக்கு வரி போட்டிருக்கிறார்கள். நாளைக்கு வெளிநாட்டுச் சரக்குக்கும் அது வரலாம் என்று சிலர் பேசுகிறார்கள். ஒரு கிலோ பேண்டேஜ் துணியை வெளுக்க உங்களிடம் எவ்வளவு நிலக்கரி எரிகிறது என்று தெரிவிக்கவும்.'

அது 1992. ராஜபாளையத்தில் குருசாமியின் வெளுப்புப் பட்டறையில் அவள் டைப்பிஸ்டாகச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். எத்தனையோ கடிதம் அடித்தவளுக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. முதலாளியிடம் கொண்டுபோனாள்.

"அரைக் கிலோன்னு அடிச்சு விடும்மா. அவன் என்ன, தராசைத் தூக்கிட்டா வரப்போறான்?" என்றார் குருசாமி.

வந்து உட்கார்ந்து அடித்தாள். தாளை உருவிக் கிழித்தாள். மறுபடி அடித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தது. டப்பாவைத் திறக்காமல் பட்டறையின் பின்பக்கம் போனாள். இத்தனை வருஷத்தில், கரி எரித்து நீராவி உண்டாக்கும் பாய்லரை அவள் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

கரி தள்ளுகிறவர்கள் இரண்டு பேர். மூத்தவர் தவசிமுத்து. மற்றவர் சமுத்திரம், நாற்பது வயசுக்காரர். விஷயத்தைக் கேட்டதும் தவசிமுத்து சிரித்தார்.

"புகைக்கு வரியா? அப்ப நானும் இவனும் ஜெயிலுக்குத்தான் போவணும்."

"ஒரு நாளைக்கு எம்புட்டுக் கரி போவுது அண்ணாச்சி?"

அவர் சிரிப்பு நின்றது. "அதை எண்ணாதீய தாயி. எண்ணுனா கொறைக்கச் சொல்லுவாவ. கொறைச்சா ரெண்டாளு எதுக்கும்பாவ."

தங்கபாய் திரும்பப் போனவள், சமுத்திரம் கூப்பிட்டதும் நின்றாள். பாய்லரிலிருந்து முற்றத்தின் குறுக்கே வெளுப்புத் தொட்டி வரைக்கும் ஓடிய இரும்புக் குழாயை அவர் காட்டினார். மேலே சூட்டைக் காக்க ஒரு சுற்றுக்கூட இல்லாமல் வெறும் குழாய். மூட்டுக்கு மூட்டு நீராவி சீறிக்கொண்டிருந்தது.

"மழை பெஞ்சா இதுமேல விழுந்த தண்ணி நிக்காது டைப்பிஸ்டம்மா, அப்படியே ஆவியாப் போயிரும். நாங்க அள்ளிப் போடுததுல கால்வாசி ஆகாசத்துக்குத்தான். எண்ணுங்க. நான் கூடைக்கு ஒரு கோடு போடுதேன்."

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா?" என்றார் தவசிமுத்து. சமுத்திரம் அதைக் காதில் வாங்காமல் சுவரில் முதல் கோட்டைக் கரித்துண்டால் இழுத்தார்.

ஆறு நாள் எண்ணினார்கள். அந்த ஆறு நாளும் தங்கபாய்க்கு எதிலும் நிலைகொள்ளவில்லை. பஸ் ஜன்னலில் தெரிந்த ஒவ்வொரு புகைபோக்கியும், இங்கே எத்தனை கூடையோ என்று கேட்க வைத்தது. சனிக்கிழமை ஒரு கூடையை நிறுத்துப் பார்த்து, மொத்தக் கரியை வெளுத்த துணியின் எடையால் வகுத்தாள். ஒரு கிலோ துணிக்கு ஒன்றரைக் கிலோ கரிக்கு மேல் வந்தது. உள்ளதை அடித்துக் கையெழுத்துக்கு வைத்தாள்.

"யாரைக் கேட்டு எண்ணுனே?" குருசாமியின் முகம் சிவந்தது.

"காயத்துல வைக்கிற துணி மொதலாளி. கரியில பொய் சொன்னோம்னு தெரிஞ்சா, துணி சுத்தம்னு நாம சொல்லுததையும் அவிய நம்ப மாட்டாவ."

அவர் எழுந்து பின்பக்கம் போனார். குழாய்க்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டி, சுரீரென்று இழுத்துக்கொண்டார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். அந்த மாதமே குழாய் முழுக்கக் கல்நார்க் கயிறு சுற்றப்பட்டது, மூட்டுகள் அடைபட்டன. நாளைக்கு நாற்பது கூடையாக இருந்தது இருபத்தெட்டு ஆனது.

இருபத்தெட்டுக் கூடைக்கு ஒரு ஆள் போதும் என்று சமுத்திரத்தை நிறுத்தினார்கள்.

அதே வாரம் டென்மார்க் பதில் வந்தது. உண்மையான கணக்குக்கு நன்றி. வெளிநாட்டுச் சரக்குக்கு வரி என்ற பேச்சு இப்போதைக்கு அடங்கிவிட்டது. தங்கபாய் அதை மூன்று தரம் படித்தாள். பிறகு கடிதத்தோடு நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"மிச்சமான கரி அவரு காட்டுனது மொதலாளி. அதுல அவருக்குச் சம்பளம் குடுக்கப்படாதா?"

"எண்ணுனது நீதானம்மா," என்றார் குருசாமி. கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "துணி மடிக்கிற எடத்துல வேணா வரச்சொல்லு. அங்கத்த கூலிதான்," என்றார்.

கரிக்கூலியில் அது பாதி. சமுத்திரம் நாலு நாள் வந்தார். கரி ஏறிய விரல் வெள்ளைத் துணியில் பட்டுவிடுமோ என்று புறங்கையாலேயே மடித்தார். ஐந்தாம் நாள் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி வேலுத்தாயைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். பார்க்காததுபோல் விலகிப் போய்விடலாமா என்று நினைத்தாள். வேலுத்தாய்தான் கிட்டே வந்தாள்.

"அவிய ஆலங்குளம் பக்கம் குவாரியில கல்லு ஏத்துதாவ. வாரத்துக்கு ஒருக்கத்தான் வீட்டுக்கு வாராவ."

"எம்மேல கோவமா இருக்காரா?"

"கோவமெல்லாம் இல்ல. குழாயச் சுத்துன பொறவு எத்தனை கூடைன்னுதான் கேட்டாவ."

"இருபத்தெட்டு."

"சொல்லுதேன்," என்று வேலுத்தாய் ஓடிப்போய் பஸ் ஏறினாள்.

மறுநாள் புது ஆர்டருக்குப் பதில் அடிக்கும்போது தங்கபாய் கீழே ஒரு பத்தி சேர்த்தாள்: 'உங்கள் நாட்டில் கரி குறையும்போது கரி தள்ளியவர்கள் என்ன ஆகிறார்கள்? வரிப்பணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா?'

குருசாமி அதைப் படித்து அவளை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டுத்தான் பாரேன்," என்று கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அகலம் இருந்தது, கப்பல் தேதி இருந்தது. அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தங்கபாய் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு மிஷினில் புதுத் தாளை ஏற்றி, இந்த முறை அந்தக் கேள்வியை முதல் பத்தியாக அடித்தாள்.