மூன்று பெயர் கேட்டார்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, என் அக்காவிடமிருந்து பிடுங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்ந்துபோகும்வரை அவள் தன் ஆபீஸ் புராணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மென்பொருள் உரிமம், வருடா வருடம் அதைப் புதுப்பிப்பது, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். நான் 'ம்' கொட்டியபடி தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் சொன்னாள்:

"ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆன மனுஷன், ஒரு நாளைக்குப் பத்தொன்பது மணி நேரம் எங்க ஆபீஸ்ல வேலை பாத்துட்டு இருக்காருடா."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "அதக் கண்டுபிடிச்ச அன்னைக்கு நான் அழுதுட்டேன்," என்றாள். அங்கேதான் எனக்குத் தூக்கம் கலைந்தது.

2

நான்கு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'விலையேற்றச் செய்தி மின்னஞ்சலில் வந்தபோது வானம் கறுத்திருந்தது, எங்கோ தொலைவில் ஒரு—' வானம் கறுக்கவில்லை. அன்றைக்கு மண்டையைப் பிளக்கும் வெயில் என்கிறாள் அக்கா.

'உலகில் இரண்டு வகை மென்பொருள்கள் உண்டு. முதலாவது—' இது கதையா, பாடப்புத்தகமா?

'அவள் திடுக்கிட்டு எழுந்தாள்.' எல்லாக் கதைகளிலும் யாராவது திடுக்கிட்டு எழுந்துகொண்டே இருக்கிறார்கள். என் அக்கா உட்காரட்டும், அவளுக்கு முட்டிவலி.

நான்காவது அலங்காரமில்லாதது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

தராசு செய்யும் கம்பெனி அது. நகைக்கடை மேசையில் வைக்கும் குட்டித் தராசிலிருந்து, லாரியையே ஏற்றி நிறுத்தும் எடைமேடை வரை செய்கிறார்கள். அங்கே கணினிப் பிரிவுக்கு என் அக்கா தலைவி. அவளுக்குக் கீழே ஏழு பேர். யாருக்கு எந்த மென்பொருள் வேண்டுமென்றாலும் அவள்தான் திறந்துவிட வேண்டும் என்பதால் கம்பெனி முழுக்க அவளுக்குப் பெயர் 'சாவி மேடம்'.

கடிதம் அடிக்க, கணக்குத்தாள் நிரப்ப, மின்னஞ்சல் பார்க்க அங்கே ஒரே மென்பொருள்தான். அதை ஒரேயடியாக வாங்கிவிட முடியாது. ஆளுக்கொரு கணக்கு, கணக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று வருடா வருடம் வாடகை கட்ட வேண்டும். மொத்தம் முந்நூற்று நாற்பது கணக்குகள். இந்த வருடம் விற்கிறவர்கள் வாடகையை இரண்டரை மடங்காக்கிவிட்டார்கள்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு வேற வழி தெரியலம்மா. உங்க செக்‌ஷன்ல மூணு பேரக் கொறைச்சா இந்த வருஷத்தச் சமாளிச்சிடலாம். மாசக் கடைசிக்குள்ள மூணு பேர் எழுதிக் குடுத்துடுங்க." பிறகு ஒரு சுளையை நீட்டினாராம். "எடுத்துக்குங்க, இனிப்பா இருக்கு."

[ஆரஞ்சு என் சரக்கு. இதைப் படித்த அக்கா, "டேய், அவரு சும்மாதான் உக்காந்திருந்தாரு," என்றாள். மூன்று பேரின் பிழைப்பை ஒருவர் சும்மா உட்கார்ந்துகொண்டு கேட்பதை என்னால் எழுத முடியவில்லை. ஆரஞ்சை எடுக்க மாட்டேன்.]

4

இந்தப் பகுதியை எழுதக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டாள். ஒன்றுக்கு நேராக ஒரு பெயரை எழுதியும்விட்டாள். கடைசியாகச் சேர்ந்தவன். வேலை செய்யும்போது தனக்குத்தானே உதட்டை அசைத்துக்கொண்டிருப்பான் என்பதால் 'முணுமுணுப்பு' என்று கூப்பிடுவார்கள். போன மாதம்தான் அம்மாவைத் தன்னோடு அழைத்துவந்து வைத்துக்கொண்டிருந்தான்.

"எழுதி முடிச்சதும் அந்தப் பேனாவத் தொடவே கூசுச்சுடா. என் மேலயே எனக்கு அருவருப்பா இருந்துச்சு. கிழிச்சுப் போட்டேன். ஆனா எழுதினது எழுதினதுதானே?"

கதாபாத்திரம் என்றால் ஏதாவது சமாதானம் எழுதிக் கொடுத்திருப்பேன். இவள் என் அக்கா.

இதை நீக்கிவிட்டு ஒரு பிரதியும், நீக்காமல் ஒரு பிரதியும் அவளிடம் கொடுத்தேன். இரண்டையும் படித்தாள். "இருக்கட்டும்," என்றாள்.

5

மறுநாள் அவள் வேறொரு பட்டியலை எடுத்தாள். முந்நூற்று நாற்பது கணக்குகளின் பட்டியல். பணம் கட்டுகிறோமே, யாருக்காகக் கட்டுகிறோம் என்று பத்து வருடமாக யாரும் கேட்கவில்லை. வேலைக்கு ஆள் சேர்ந்தால் கணக்குத் திறக்கப் படிவம் இருந்தது. ஆள் போனால் கணக்கை மூட எந்தப் படிவமும் இல்லை. ஆகவே வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், போனவர்கள் போகவே இல்லை.

வேறு கம்பெனிக்குத் தாவியவர்கள், திருமணமாகி வெளிநாடு போனவர்கள், முதலாளியின் மைத்துனர் (இரண்டே வாரம் வேலை பார்த்துவிட்டு சினிமா எடுக்கப் போனவர்), இறந்துபோன இருவர். எல்லோருக்கும் உரிமம் வருடா வருடம் தவறாமல் புதுப்பிக்கப்பட்டிருந்தது. நூற்று நாற்பத்தெட்டுப் பேர்.

அந்த நூற்று நாற்பத்தெட்டில் ஒரே ஒருவருடைய கணக்கு மட்டும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது. கிடங்கில் இருந்து ஓய்வுபெற்ற பொறுப்பாளர். நாளுக்குப் பத்தொன்பது மணி நேரம். ஒருநாள் விடுப்பு இல்லை. வருடா வருடம் கம்பெனி அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்துக்கு 'மிக்க நன்றி' என்று பதில்கூடப் போட்டிருக்கிறார்.

அக்கா கிடங்குக்கு இறங்கிப் போனாள். பெட்டி கட்டும் பகுதியின் மேற்பார்வையாளரை எல்லோரும் 'பெட்டி அண்ணன்' என்பார்கள். அவரிடம் கேட்டாள்.

"அவரு கணக்கா மேடம்? நாங்க முப்பத்தொரு பேரும் அதுலதானே உள்ள போறோம்!"

"ஏன்? உங்களுக்குத்தான் தனித்தனியா குடுத்திருக்கேனே?"

"அதுல வெளிய போற சரக்குத் தாளப் பாக்கலாம், திருத்த முடியாது. திருத்துற பவர் அவருக்குத்தான். அத மாத்தித் தர்ற ஃபாரத்துல அவரு கையெழுத்து வேணுமாம். அவரு வெள்ளிக்கிழம ரிட்டயர் ஆயிட்டாரு, ஃபாரம் திங்கக்கிழம வந்துச்சு." அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "புதுசா யாராச்சும் சேந்தா மொதல்ல பாத்ரூம் காட்டுவோம். அப்புறம் அவரு பாஸ்வேர்டு. அவரோட பழைய ஸ்கூட்டர் நம்பர் மேடம்."

அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து அக்கா அழுதிருக்கிறாள். பெட்டி அண்ணன் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். துக்கமில்லை அது. இத்தனை பேருக்குச் சும்மா கட்டிய பணத்துக்காக முணுமுணுப்பின் பெயரை எழுதினோமே என்ற கோபம்.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். மென்பொருளை விற்கும் பிரதிநிதியைப் பிடித்துக்கொண்டேன். 'பளபளக்கும் காலணியுடன், தேனொழுகப் பேசியபடி அந்த நயவஞ்சகன்—'

"நிறுத்து," என்றாள் அக்கா. "அவரு நல்ல மனுஷன்டா. வெல ஏத்துனது அவரா? அவரும் மாசக் கடைசியில டார்கெட் காட்டணும்."

"அப்போ யார்தான் வில்லன்?"

"நாங்கதான். பத்து வருஷமா எண்ணிப் பாக்கலையே."

எழுத்தாளனுக்கு இப்படி ஒரு அக்கா இருந்தால் உருப்பட்ட மாதிரிதான். நயவஞ்சகனை அடித்துவிட்டேன். காலணி மட்டும் பளபளக்கட்டும்.

7

ஆனால் நூற்று நாற்பத்தெட்டைக் கழித்தும் கணக்கு உதைத்தது. மீதி நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேருக்குப் புது விலையில் கட்டினாலே பழைய தொகையைத் தாண்டியது. அப்போதுதான் அக்கா திறந்த மூல மென்பொருளை எடுத்தாள். அதே கடிதம், அதே கணக்குத்தாள் வேலைதான். ஆனால் அதை எப்படிச் செய்தார்கள் என்பதைப் பூட்டி வைக்காமல் உலகத்துக்கே திறந்து வைத்திருப்பார்கள். யாரும் படிக்கலாம், திருத்தலாம். உரிமத்துக்குக் காசில்லை.

"ஓசியா?" என்றார் முதலாளி சந்தேகமாக.

"ஓசி இல்ல சார். சொல்லித் தரணும், பழைய தாளெல்லாம் மாத்தணும், ஏதாச்சும்னா நம்மளே பாத்துக்கணும். அதுக்கு ஆள் வேணும். என் ஏழு பேரும் வேணும்."

வடிவமைப்பிலும் கணக்குப் பிரிவிலும் இருக்கும் நாற்பத்திரண்டு பேருக்குப் பழையதே இருக்கட்டும், மற்ற நூற்றைம்பது பேர் புதியதற்கு மாறட்டும் என்பது அவள் திட்டம். பதினான்காம் தேதி பெட்டி கட்டும் பகுதியில் சோதனை. மாலை நான்கு மணிக்குள் கிளம்ப வேண்டிய ஒரு லாரி தாமதமானாலும் பழையபடியே போய்விடுவோம், மூன்று பெயரும் வந்தாக வேண்டும் என்றார் முதலாளி.

காலை ஒன்பதரைக்குப் பெட்டி அண்ணனின் தொலைபேசி.

"மேடம், அஞ்சு கிலோ தராசுக்கு 'லாரி எடைமேடை, அறுபது டன்'னு சீட்டு வந்திருக்கு. எடைமேடைக்கு நகைக்கடை சீட்டு. ஒட்டவா, வேணாமா?"

ஒவ்வொரு சீட்டும் ஒரு பெட்டி தள்ளி அச்சாகியிருந்தது. மூன்று லாரிகள் வாசலில் நின்றன. ஓட்டுநர்கள் கீழே இறங்கி மணி பார்க்கத் தொடங்கினார்கள்.

பழைய மென்பொருளாக இருந்தால் புகார் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதில் உள்ளே போய்ப் பார்க்கலாம். முணுமுணுப்பு போனான். அச்சு எடுக்கும் பகுதியை வரிவரியாக முணுமுணுத்துப் படித்தான். அக்கா அவன் பின்னால் நின்றாள். அவளுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை, நகரவும் முடியவில்லை. பகல் இரண்டு மணிக்கு அவன் திரும்பினான்.

"கெடச்சிருச்சு மேடம். நம்ம தாள்ல தலைப்புக்குக் கீழ ஒரு காலி வரி விட்டிருக்காங்க. இது அதையும் ஒரு பெட்டின்னு எண்ணுது. அந்த வரிய அழிச்சாப் போதும்…" உதடு அசைந்தது. "ஆனா வேற யாராச்சும் இதே மாதிரி விட்டிருப்பாங்கல்ல? இங்கயே சரி பண்ணிடறேன்."

நாலே நாலு வரி. எழுதினான். சீட்டுகள் சரியாக வந்தன. நான்கு மணிக்குள் மூன்று லாரிகளும் கிளம்பின, பெட்டி அண்ணன் கடைசி லாரியின் முதுகில் ஓங்கித் தட்டி வழியனுப்பினார்.

அந்த நாலு வரியை அவன் மென்பொருளைப் பராமரிக்கிறவர்களுக்கு அனுப்பினான். பதினோராம் நாள், முகம் தெரியாத யாரோ ஒருவரிடமிருந்து பதில் வந்தது: சரிபார்த்தோம், சேர்த்துக்கொண்டோம், நன்றி. ஏழு பேரும் ஒரே திரையைச் சுற்றி நின்று அதை மாற்றி மாற்றிப் படித்தார்கள்.

[யாருடைய பெயரை எழுதிக் கிழித்தாளோ அவனே வந்து காப்பாற்றுவது ரொம்ப வசதியாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் பட்டது. வேறு யாரையாவது போட்டுவிடலாமா என்று கேட்டேன். "போட்டுப் பாரு, அப்புறம் இந்த வீட்டுப் பக்கமே வராத," என்றாள். நடந்தது இதுதான். நானும் ஒரு வேலை செய்தேன்: அந்த மென்பொருளை இறக்கிக்கொண்டேன். நீங்கள் படிக்கும் இந்த வரியை அதில்தான் அடிக்கிறேன். அடியில் எங்கேயோ அவனுடைய நாலு வரி ஓடிக்கொண்டிருக்கிறது.]

8

முப்பதாம் தேதி. முதலாளியின் அறை கண்ணாடிச் சுவர் போட்டது. வெளியே ஏழு பேரும் வேலை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

"பேரு எழுதிட்டு வந்தீங்களா?"

"எழுதிட்டேன் சார்."

மேசைமேல் ஐந்து தாள்களை வைத்தாள். முதல் பெயர் கிடங்கிலிருந்து ஓய்வுபெற்றவருடையது. மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு.

"மூணு பேர் கேட்டீங்க. இவங்க எல்லாரையும் நிறுத்திடலாம் சார். ஒருத்தரும் வருத்தப்பட மாட்டாங்க."

முதலாளி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மைத்துனரின் பெயர் வந்த இடத்தில் நின்றார். பிறகு—

பிறகு அவர் எழுந்து கைதட்டினார் என்று எழுதினேன். "எந்த ஊர்ல முதலாளி கை தட்டுறாரு?" என்று அக்கா அடித்துவிட்டாள். அவர் கண் கலங்கியதாக எழுதினேன். "அவருக்கா?" என்று அதையும் அடித்தாள். நடந்ததைச் சொல்கிறேன்: காதைச் சொறிந்துகொண்டு, "சரி, உங்க ஆளுங்க இருக்கட்டும்," என்றார். அவ்வளவுதான். அந்த நாலு சொல்லைக் கேட்டு, முட்டிவலிக்காரி என் அக்கா அந்த அறையிலேயே ஒரு குதி குதித்தாள். கண்ணாடிக்கு வெளியே ஏழு பேரும் பார்த்துவிட்டார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் அந்த விசில் அடங்குவதற்குள் தொலைபேசி அடித்தது. பளபளக்கும் காலணிக்காரர். இவர்கள் மாறப்போகிற செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேருக்கும் இந்த ஒரு வருடம் கட்டணமே வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம், அடுத்த வருடத்து விலையை அப்போது பேசிக்கொள்ளலாம் என்றார். இரண்டரை மடங்கு கேட்டவர்கள் சும்மா தருகிறோம் என்று இறங்கி வந்துவிட்டார்கள்.

முதலாளி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டவர், தானே ஏதோ யோசித்து, ரிசீவரை அவளிடமே நீட்டினார். "நீங்களே பேசுங்க."

அக்கா வாங்கினாள். ஒரே ஒரு வாக்கியம் பேசினாளாம். என்ன வாக்கியம் என்று ஒரு மாதமாகக் கேட்கிறேன். "எழுத்தாளன்தானே, எழுதிக்கோ," என்கிறாள். பணிவாக ஒன்று, நக்கலாக ஒன்று, ஒரே சொல்லில் ஒன்று என்று எழுதிப் பார்த்தேன். எதுவும் அவள் குரலில் இல்லை.

ஆகவே நீங்கள் எழுதுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். ஒரு வருடத்து இலவசத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது மறுத்துவிடுங்கள், உங்கள் இஷ்டம். நிபந்தனை ஒன்றே ஒன்று, அதுவும் அக்கா போட்டது: உங்கள் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவள் ரிசீவரை வைத்துத் திரும்பும்போது, அந்த ஏழு நாற்காலிகளிலும் ஆள் இருக்க வேண்டும். இந்த வருடம் மட்டுமல்ல, அடுத்த வருடமும்.

"................................................"