நான்கு வீட்டு அடுப்பு

"பெரிய மாமாவுக்கு இழுத்துக்கிட்டு இருக்கு" என்று காலையில் போன் வந்ததும் ரேணுகாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது மாமாவின் முகம் அல்ல, ஒக்கூரில் இன்னும் சுடாமல் கிடக்கும் அதிரசம்தான். அதற்காகத் தன்னைத்தானே வைதுகொண்டாள். வைதுகொண்டே வேன்காரன் பாண்டிமுருகனைக் கூப்பிட்டு, சாயங்காலம் வர வேண்டியவனை மத்தியானமே வரச் சொன்னாள்.

காரைக்குடியில் அவளுக்கு இருப்பது ஒரு அறையும் தராசும் தகர டின்களும்தான். பலகாரம் சுடுவதெல்லாம் ஒக்கூரில், நான்கு வீடுகளில். போன வருடம் ஒரு சிறுதொழில் பயிற்சியில் சப்ளை செயின் பற்றிப் பேச வந்த பையன், "ஒரே ஆளை நம்பிச் சரக்கு எடுக்காதீங்க. அவங்க படுத்தா நீங்களும் படுத்துருவீங்க" என்றான். ரேணுகா கையைத் தூக்கி, "எனக்கு நாலு எடம் இருக்கு தம்பி" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். கெட்டிக்காரிதான். நான்கு வீடும் ஒரே பங்காளிகள் என்பதை அந்தப் பையன் கேட்கவில்லை, இவளும் யோசிக்கவில்லை. நம்பிக்கையான கை வேண்டுமென்றால் சொந்தத்தில்தானே தேடுவோம்? பங்காளி வீட்டில் ஓர் உயிர் போனால், சேதி காதில் விழுந்த நிமிடத்திலிருந்து தீட்டு. காரியம் முடிகிறவரை நான்கு வீட்டிலும் எண்ணெய்ச்சட்டி ஏறாது. கோயம்புத்தூரில் நாளை மறுநாள் கல்யாணம், சீர்ப் பலகாரம் முழுக்க இவளை நம்பி. இது தவறினால் அப்புறம் ஒருத்தரும் இவளிடம் கல்யாண ஆர்டர் சொல்ல மாட்டார்கள்.

வேனில் போகும்போது, "சாயங்காலம் வரைக்கும் தாங்கட்டும் சாமி" என்று வேண்டிக்கொண்டாள். அதற்கு மேல் வேண்டவில்லை என்பது கொஞ்சதூரம் போனபிறகுதான் உறைத்தது. இந்தத் தொழிலே வேண்டாம் என்று அவள் புருஷன் குதித்தபோது, "அவ செய்யட்டும்டா, நீ என்னத்தக் கிழிச்ச?" என்று அடக்கிய மனுஷன் பெரிய மாமா.

மூன்று வீட்டுச் சரக்கும் ஏறியது. கடைசியாகப் பெரிய மாமாவின் வீடு. மருமகள் சுபலட்சுமி பின்கட்டில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா எப்படி இருக்காக?"

சுபலட்சுமி திரும்பவில்லை. "தூங்குறாகக்கா. உள்ள போயிறாதீக."

அறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு வெளியே சுபலட்சுமியின் புருஷன் முத்துக்கண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. தெரு முனைவரை கேட்கும் மாமாவின் இருமல் இல்லை, இழுப்பும் இல்லை. மாமா போய்விட்டார் என்று ரேணுகாவுக்குத் தெரிந்துவிட்டது.

கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் சரக்கு வண்டி ஏறாது. ஊரார் வீட்டு நல்ல காரியத்துக்குத் தீட்டுப் பலகாரமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளே போய் மாமாவின் காலை ஒருமுறை தொட்டுவிட்டு வரவேண்டும்போல இருந்தது. அவள் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதிரசத்தை டின்னில் அடுக்க ஆரம்பித்தாள்.

"சூட்டோட அடுக்குனா வேர்த்துரும்க்கா."

"போற வழியில ஆறிரும், விடு."

கடைசி ஈடும் ஏறியது. பாண்டிமுருகன் கயிற்றைக் கட்டி வண்டியை எடுத்தான். சுபலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் அடைத்தபடி வாசலுக்கு வந்தாள். உடம்பு குலுங்கியது.

"போயிருச்சாக்கா?"

ரேணுகா எட்டிப் பார்த்தாள். வண்டி தெரு முனை டீக்கடையில் நின்றிருந்தது. பாண்டிமுருகன் கிளாஸை வாங்கி ஊதிக்கொண்டிருந்தான். இங்கே ஓர் அழுகைச் சத்தம் எழுந்தால் அவன் காதில் விழும், பலகாரத்துக்கு முன்னால் சேதி கோயம்புத்தூர் போய்விடும்.

"இன்னும் இல்ல சுபா."

சுபலட்சுமி அவள் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டாள். ரேணுகாவும் தன் தலைப்பை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். அங்கே பாண்டிமுருகன் ஆற அமர இன்னொரு வாய் உறிஞ்சிவிட்டு, வடைத் தட்டுக்குக் கையை நீட்டினான்.