பத்து மணிப் பட்டியல்

வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று நீதிமன்றம் நேற்று மாலை சொல்லிவிட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடாத எல்லாருடைய பெயரும் காலை பத்து மணிக்குள் மேலிடத்துக்குப் போக வேண்டும். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களுக்கு விசாரணையே இல்லாமல் வேலை போய்விடும். ஏழு மணியிலிருந்து மாவட்ட அலுவலகம் போன் போட்டுத் தலைமையாசிரியையின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

பள்ளி வாசலில் பதினோரு ஆசிரியர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தலைமையாசிரியையின் சொந்தத் தங்கை. அறிவியல் ஆசிரியை, வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்தது.

எழுத்தர் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். "அம்மா, வயித்துல பாலை வார்க்கிற சேதி. வெளியில நிக்கிறதுல பத்துப் பேருதான் சிக்குவாங்க. உங்க தங்கச்சி கையெழுத்துப் போட்டிருக்காங்க."

ஆய்வகச் சாவியை ஒப்படைக்க வந்தவள், மேசையில் பதிவேட்டைப் பார்த்ததும் கைப்பழக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தலைமையாசிரியைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அது ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. தங்கை விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"அக்கா, அதை அடிச்சிடு."

"பேசாம வகுப்புக்குப் போ. தப்பிச்சோம்னு இரு."

"'உள்ள ஒரு கால், வெளிய ஒரு காலா டீச்சர்'னு சிரிக்கிறாங்க. நான் வாசல்ல நிக்கிறேன், கையெழுத்து இங்க உக்காந்திருக்கு."

"சட்டப்படி தப்புன்னு கோர்ட்டே சொல்லிடுச்சுடி!"

"அப்ப தப்பு பண்ணினேன்னே எழுது. பண்ணாத மாதிரி எழுதாத."

பதிவேட்டைத் திருத்தும் உரிமை தலைமையாசிரியைக்கு மட்டும்தான். சிவப்பு மையில் அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும்.

"என் கையாலேயே உன் வேலையைப் பறிக்கச் சொல்றியா?"

தங்கையின் கண் கலங்கியிருந்தது. ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

சிவப்புக் கோடு வளைந்துதான் விழுந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தங்கை வாசலுக்குத் திரும்பினாள்.

எழுத்தர் ஒவ்வொரு பெயராகப் பார்த்துப் பட்டியல் எழுதினார். பதினொன்று. பிறகு பதிவேட்டின் முதல் வரிக்குப் போன விரல் அங்கேயே நின்றது. தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா... போன் தொல்லையில நீங்களே கையெழுத்துப் போட மறந்துட்டீங்க. உங்க பேருக்கு நேரா கட்டம் காலியா இருக்கு. இருபத்தாறு வருஷ சர்வீஸ்மா, சட்டுனு போட்டுடுங்க."

நீலப் பேனாவை நீட்டினார். வெளியே கோஷத்துக்கு நடுவில் தங்கையின் குரல் தனியாகக் கேட்டது.

தலைமையாசிரியை சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். நீலத்தைத் தொடவில்லை.

"கையெழுத்திடாத எல்லாரும்னுதானே உத்தரவு? பன்னிரண்டுன்னு எழுதுங்க."