காய்ஞ்ச ஐஸ்

இரசாயன மாணவி ஆகிலா ஆய்வுக்கு எடுத்த மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒன்றில் அல்டிகைட்டு என்ற அணுக்கூட்டம், மற்றதில் கீற்றோன் என்ற கூட்டம். முதலாவதை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டாவதில், சேர்க்கும் மருந்து கை வைக்கக் கூடாது. அதற்கு அச்சில் வந்த செய்முறை ஒன்றைத் திங்கட்கிழமைக்குள் கொண்டுவராவிட்டால், ஆய்வுத் தலைப்பைப் பறித்துக் கிணற்று நீர்ச் சோதனையைத் தந்துவிடுவதாக விரிவுரையாளர் நல்லரெத்தினம் சொல்லியிருந்தார். கிணற்று நீரை ஏற்கெனவே நாலு பேர் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை ஒரு கட்டுரை அகப்பட்டது. மருந்தாக, சோடியம் போரோஐதரைட்டு என்ற தாழ்த்தும் கருவியே போதுமாம். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே எழுபத்தெட்டுப் பாகைக் குளிர் வேண்டும். பாலமுனையில் மீன் ஏற்றும் மச்சான் பளீலுக்குப் போன் எடுத்தாள்.

“மச்சான், டிரை ஐஸ் எடுக்கலாமா?”

“என்ன ஐஸ்?”

“காய்ஞ்ச ஐஸ்.”

“ஓம் மச்சி, அதுக்கென்ன.”

அஸர் தொழுகைக்குப் பிறகு, ஐஸ் அடைக்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினான். உள்ளே மீனுக்குப் போடும் அதே ஐஸ்.

“தண்ணிய வடிச்சி, சாக்கால தொடச்சிக் கொண்டாந்திருக்கன். ஒரு சொட்டு இல்ல, தடவிப் பாரு.”

“அல்லாஹ்வே! மச்சான், அது வேற சாமான். தண்ணியே ஆகாது. ஆவியாப் போயிரும்.”

“ஆவியாப் போனா தராசில நிறை காட்ட நான் எங்க போற? பெட்டிக்குள்ள மீன் மட்டுந்தானே கிடக்கும்!” பளீல் உண்மையிலேயே பதறினான். “இவ்வளவு குளிர் என்னத்துக்கு?”

“குளிர்ல மருந்து மெதுவாப் போய் ஒண்ட மட்டும் தொடும். இல்லாட்டி ரெண்டையும் அடிச்சிப் போடும்.”

“அப்ப மருந்த அடக்கன். வல சரியில்லண்டா ஆராச்சும் கடல மாத்துவாங்களா?”

ஆகிலா மடிக்கணினியைத் திறந்தாள். அதுவரை ‘குறைந்த வெப்பநிலை’ என்றே தேடிக்கொண்டிருந்தாள். அதை அழித்துவிட்டு, ‘வீரியம் குறைந்த தாழ்த்தும் கருவி’ என்று ஆங்கிலத்தில் அடித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பழைய கட்டுரை வந்தது. அதே போரோஐதரைட்டோடு வினாகிரியில் உள்ள அசற்றிக்கமிலம் சேர்த்து அதன் வேகத்தை அடக்கியிருந்தார்கள். அல்டிகைட்டு மாறியிருந்தது, கீற்றோன் அப்படியே இருந்தது. குளிரே தேவையில்லை. இரண்டு போத்தலும் ஆய்வுகூட அலுமாரியில் இருந்தன.

திங்கட்கிழமை நல்லரெத்தினம் கட்டுரையை இரண்டு தரம் படித்தார்.

“கீற்றோன் தப்பினதுக்கு ஆதாரம்?”

“மூண்டாம் அட்டவணையில இருக்கு சேர்.”

“அது அவங்கட கீற்றோன். உங்கட கீற்றோன் தப்புமா எண்டு செய்துதான் பாக்கணும் பிள்ள.”

சொல்லிவிட்டு அலுமாரிச் சாவியை மேசையில் வைத்தார். அவர் மனம் மாறுமுன் ஆகிலா அதை எடுத்துக்கொண்டாள்.