செய்தவர் இல்லாத வாக்கியம்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இங்கிலீஷில் நாலு வரி பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் ஒருத்திதான், பதிவேடு எழுதும் குமாஸ்தா. லீவு கடிதம், பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பம் என்று எல்லோரும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். 'எழுத்தக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எழுதி முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நாற்பத்தாறு வயது. அம்மா போன பிறகு ஒற்றை அறை வாடகை வீட்டில் தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் "நல்லா இருக்கியா?" என்பார், அவள் வாயைத் திறப்பதற்குள் போன் அண்ணி கைக்குப் போய்விடும்.

கண்ணாடித் தடுப்பு போட்ட அவளுடைய மாடியறைக்குக் காரியம் எதுவும் இல்லாமல் வருகிறவள் சுருட்டை மட்டும்தான். படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய மெஷினில் அவளுக்கு வேலை. தலை நிறையச் சுருட்டை முடி, ஓயாத வாய்.

"நாள் பூரா அப்படி என்னதான் எழுதுறீங்கக்கா?"

"எத்தனை விரிப்பு வந்துச்சு, எத்தனை கிழிஞ்சுச்சுன்னு."

"கிழிச்சது யாருன்னு மட்டும் எழுதிடாதீங்க. பாதி நான்தான்!"

எழுத்தக்கா அன்றைக்குச் சிரித்த ஒரே சிரிப்பு அதுவாக இருக்கும்.

அந்த மெஷினில், சூடான உருளைகளுக்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். கனத்த விரிப்பு பட்டாலும் நிற்கும். வேலை தேங்குகிறது என்று சூப்பர்வைசர் ஒருநாள் கிழிந்த துணி ஒன்றால் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டார். கண்ணாடி வழியாக எழுத்தக்கா அதைப் பார்த்தாள். சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள், அவர் வாயில் நாம் ஏன் விழ வேண்டும் என்று நினைத்தாள். அப்படியே பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள், விரிப்போடு சேர்ந்து சுருட்டையின் வலது கை விரல்கள் உள்ளே போயின.

சுருட்டையை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போன பத்தாவது நிமிடம் சூப்பர்வைசர் மாடியேறி வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள அறிக்கை மேலிடத்துக்குப் போகணும்மா. கம்பி மேல கட்டப்பட்டிருந்துச்சு, கை மாட்டிக்கிச்சு. அவ்வளவு போதும்."

"யார் கட்டினதுன்னு?"

"அது எதுக்கு? பேர் இல்லாமலே இங்கிலீஷ்ல எழுதலாம்ல?"

எழுதலாம்தான். ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் பாடத்தில் படித்தது. செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்கினால் செயப்படுபொருள் முன்னால் வந்து உட்காரும். செய்தவர் 'பை' என்ற சொல்லுக்குப் பின்னால் கடைசிக்குப் போவார். டீச்சர் 'பை' என்றதும் வகுப்பே புத்தகப் பையைத் தூக்கிக் காட்டும். செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் அவரையும் 'பை'யையும் விட்டுவிடலாம். வாக்கியம் முழுசாகத்தான் இருக்கும் என்பது விதி.

அவர் சொன்னபடியே எழுதினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இறங்கிப் போனார்.

தெரியாவிட்டால்தானே விடலாம்? எழுத்தக்கா பேனாவை மறுபடி எடுத்தாள். 'கட்டப்பட்டிருந்தது' என்பதற்குப் பக்கத்தில், சூப்பர்வைசரால் என்று சேர்த்தாள். பேனாவை மூட மனம் வரவில்லை. கீழே, 'நான்' என்று ஆரம்பித்து இரண்டு வரி எழுதினாள். நான் பத்து நாளாக அதைப் பார்த்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அறையில் அவள் எழுதியதிலேயே மிகச் சின்ன வாக்கியங்கள். எழுத அரை மணி நேரம் ஆனது. சாயங்காலம் அறிக்கையை அவளே மேலிடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

விசாரணை நடந்தது. சூப்பர்வைசரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எழுத்தக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சுருட்டைக்கு வைத்தியச் செலவும், தையல் பிரிவில் லேசான வேலையும் கிடைத்தன.

இரண்டு மாதம் கழித்து சுருட்டை மாடியேறி வந்தாள். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"நீங்க எழுதினதை விசாரணையில படிச்சுக் காட்டினாங்க. பத்து நாளா பாத்தீங்களாமே?"

"பாத்தேன்."

"அந்தப் பத்து நாளும் நான் இங்க வந்தேனேக்கா. உக்காந்து பேசினோமே."

எழுத்தக்கா பதிவேட்டை மூடி வைத்தாள்.

"நீங்க எழுதினதாலதான் எனக்கு எல்லாம் கெடச்சுதுன்னு சொல்றாங்க. அது நெசந்தான்." சுருட்டை எழுந்தாள். கதவருகே ஒரு கணம் நின்றாள். "போறேன்க்கா."

எப்போதும் 'வரேன்க்கா' என்றுதான் சொல்வாள்.

அடுத்த வாரம் எழுத்தக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு முதல்முறையாகக் கீழே சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனாள். பெஞ்சில் இருந்தவர்கள் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள். "உக்காருங்கக்கா." உட்கார்ந்தாள். அதுவரை கலகலத்த பேச்சு நின்றது. பெஞ்சின் மறுகோடியில் சுருட்டை குனிந்து, இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுத்தக்கா அவசர அவசரமாக நாலு வாய் விழுங்கிவிட்டு, டப்பாவைக் கழுவிக்கொண்டு மாடியேறினாள். பாதிப் படியில் இருக்கும்போதே கீழே பேச்சு மறுபடி ஆரம்பித்துவிட்டது.